வியாவாரம் கூடியிருக்கு, கையில பைசா நிக்கல. ஒரு பெரிய முடிவுக்கு முன்னால நீங்கல்லாம் எப்படி யோசிப்பீங்க?

கருங்கல்_ஏத்தங்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுகேன், பொறுமையா வாசிங்க.

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துல எங்களுக்கு ஏத்தங்கா சிப்ஸ், அதான் நேந்திரங்கா சிப்ஸ், போடுற யூனிட் இருக்கு. அப்பா 22 வருசமா நடத்துறாங்க, நான் கல்ஃப்ல 7 வருசம் வேலை பாத்துட்டு மூணு வருசம் முன்னால வந்து கூட சேந்தேன். அப்பா தனியா பாத்த காலத்துல திங்கள்சந்தை, தக்கலை, மார்த்தாண்டம் பேக்கரிகளுக்குத்தான் சரக்கு போவும், சனிக்கிழமை ஒரு சுத்து போனா பைசா கையில கிட்டிரும். நான் வந்து பாக்கெட்டை மாத்தி, லேபிள் அடிச்சு, அலைஞ்சு திரிஞ்சு ஒரு சூப்பர்மார்க்கெட் ஆர்டர் புடிச்சேன். வாரத்துக்கு 200 கிலோ. 60 நாள் கடன், தேதி போன பாக்கெட்டையும் காத்து போன பாக்கெட்டையும் நாமதான் திருப்பி எடுக்கணும்.

விற்பனை பாத்தா முன்னால இருந்ததுக்கு ரெண்டு மடங்கு. ஆனா போன ஓணத்துக்கு முந்தி குலை விலை ஏறினப்போ காய் எடுக்க பைசா இல்லாம எனக்க பொண்டாட்டிக்க செயினை வச்சேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. இவ்வளவு ஓடியும் ஏன் இப்படி.

இப்பம் அதே சூப்பர்மார்க்கெட்காரங்க வாரத்துக்கு 400 கிலோ தர முடியுமான்னு கேக்காங்க. அதுக்கு சீவுற மெஷின், இன்னொரு அடுப்பு, ஷெட்டு நீட்டணும், எல்லாம் சேத்து 8 லட்சம் லோன். சேக்காளி எடு எடுங்கான். மச்சான் வேண்டாம்ங்காங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. நான் காலையில எடுக்கலாம்னு எழும்புகேன், ராத்திரி வேண்டாம்னு படுக்குகேன். வேலை பாத்த இடத்துல மேல இருக்கிறவர் சொல்லுவாரு நான் செய்வேன், இங்க எல்லாம் எனக்க தலையில, எப்படி யோசிக்கணும்னே யாரும் சொல்லித் தரல.

வீடியோ எல்லாம் நெறைய பாத்துட்டேன், பெருசா யோசி, ரிஸ்க் எடுன்னு சொல்லுகாங்க, அதுல எனக்கு ஒண்ணும் பிடி கிட்டல. நம்ம ஊர்ல தொழில் செய்யுற ஆட்கள் நெசமா எப்படி முடிவு எடுக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்.

கணக்கு கேட்டா, ஒரு கிலோ சிப்ஸுக்கு 4 கிலோ காய், சராசரி 40 ரூபான்னு வச்சா 160. தேங்காய் எண்ணெய் 300 கிராம் குடிக்கும், கிலோ 420ன்னு வச்சா 126. கூலி 40, கேஸும் விறகும் 12, உப்பு மஞ்சள் பாக்கெட் எல்லாம் 18. ஆக 356. சூப்பர்மார்க்கெட்டுக்கு 370. எண்ணெய் 2025ல 400 தாண்டினப்போ கெஞ்சிக் கேட்டுத்தான் அந்த 370ஐயே வாங்கினேன். கிலோவுக்கு 14 ரூபா நிக்கணும்.

*

வடசேரி_கணக்கு எழுதியது:

தம்பி, நான் நாகர்கோவில்ல வரி, கணக்கு பாத்துக் கொடுக்கிற வேலை 15 வருசமா செய்றேன். முதல்ல ஒண்ணு மட்டும் சொல்லுங்க, 100 கிலோ அனுப்பினா எத்தனை கிலோ திரும்பி வருது?

*

கருங்கல்_ஏத்தங்கா எழுதியது:

சரியா எழுதி வைக்கல அக்கா. ஒரு 5 கிலோ இருக்கும்னு நெனைக்கேன்.

*

வடசேரி_கணக்கு எழுதியது:

சரி, 5 கிலோன்னே வச்சுக்குவோம்.

100 கிலோ அனுப்பினா உங்க கணக்குப்படி லாபம் 1400 ரூபா. அதுல 5 கிலோ திரும்பி வந்தா அந்த 5 கிலோவுக்கு அவங்க பைசா தர மாட்டாங்க, 5 × 370, ஆக 1850 ரூபா போச்சு. காய், எண்ணெய், கூலி எல்லாம் ஏற்கனவே செலவு பண்ணியாச்சு, அது திரும்பாது. அப்போ 100 கிலோவுக்கு 450 ரூபா கைநட்டம். இது முதல் ஓட்டை.

ரெண்டாவது அந்த 60 நாள். 60 நாள்னா எட்டரை வாரம், வாரம் 200 கிலோன்னா எந்த நேரமும் ஏறக்குறைய 1700 கிலோ சரக்குக்கான பைசா அவங்க கையில கிடக்குது, அது 6 லட்சத்து 30 ஆயிரம். அந்த பைசாவை நீங்க 12 சதவீத வட்டிக்கு எடுத்திருந்தா வருசத்துக்கு 75 ஆயிரம் வட்டி, கிலோவுக்கு 7 ரூபாக்கு மேல. நகையை வச்சு எடுத்தாலும் வட்டிதான், சொந்தப் பணமா இருந்தாலும் வேற எங்கேயாவது போட்டிருந்தா வந்திருக்கும் இல்லையா. ஆக லாபம் 14, ரிட்டர்ன் பதினெட்டரை, வட்டி 7. கிலோவுக்கு 11 ரூபாக்கு மேல நீங்க கைக்காசு போட்டு அவங்களுக்கு சிப்ஸ் கொடுக்கிறீங்க. வருசத்துக்கு 10,400 கிலோ. ஒரு லட்சத்து 20 ஆயிரம் பக்கம் வருது தம்பி. செயின் ஏன் பேங்குக்குப் போச்சுன்னு கேட்டீங்களே, அது இங்கதான் இருக்கு.

இப்ப 400 கிலோவுக்கு வாங்க. மெஷினுக்கு 8 லட்சம்னு மட்டும் பாக்கிறீங்க. ஆர்டர் ரெண்டு மடங்கானா அவங்க கையில கிடக்கிற பைசாவும் ரெண்டு மடங்காகும், கூட ஒரு 6 லட்சத்து 30 ஆயிரம் வேணும். 14 லட்சத்துக்கு மேல வேணும், 8 இல்லை. என்கிட்ட வர்ற சின்ன தொழில்காரங்கள்ல முக்காவாசிப் பேர் விழுறது இந்த இடத்துலதான், யாவாரம் இல்லாம கடையை மூடினவங்களை விட யாவாரம் கூடி மூச்சு முட்டினவங்களை நான் அதிகமா பாத்திருக்கேன். விற்பனை ஒரு நோட்டுல, கைக்கு வந்த பைசா இன்னொரு நோட்டுல, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. ஒரு மாசத்துல உங்களுக்கே கண்ணு தெளிஞ்சிரும்.

இன்னொண்ணு, உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்னு மத்திய அரசுகிட்ட பதியுறது, இருக்கா? இல்லேன்னா இன்னைக்கே ஆன்லைன்ல போடுங்க, இலவசம், யாருக்கும் பைசா கொடுக்க வேண்டாம். 2006ல வந்த சிறுதொழில் சட்டப்படி உங்களை மாதிரி தயாரிப்பாளர்கிட்ட சரக்கு வாங்கினவங்க, எழுத்துல ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள்லயும், ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்லயும் பைசா தரணும். அதுல 60 நாள்னு எழுதியிருந்தாலும் 45 தான் செல்லும். தாமதமானா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. போதாததுக்கு 2024 ஏப்ரல் 1ல இருந்து வருமான வரியில 43பி(எச்)னு ஒரு விதி வந்துச்சு, நாள் தாண்டி கொடுத்தா அவங்க அந்த செலவை, பைசா கொடுத்த வருசத்து வருமானத்துலதான் கழிக்க முடியும், அதனால மார்ச் மாசம் வந்தா பெரிய கம்பெனி கணக்கர்கள் தானாவே நம்மள தேடுவாங்க. சண்டை போடுறதுக்கு இதைச் சொல்லல, பேச உக்காரும்போது 45 நாள்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்குன்னு தெரிஞ்சுகிட்டு உக்காருங்க. வாங்கி விக்கிறவங்களுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது, உங்களுக்கு உண்டு.

*

குலசேகரம்_ஷீட்டு எழுதியது:

மக்கா, கணக்கு அக்கா சொல்லியாச்சு, நான் மனசைப் பத்தி சொல்லுகேன்.

எனக்கு 61 வயசு. குலசேகரத்துல ரப்பர் ஷீட்டு எடுத்துக் கொடுக்குற யாவாரம். 2011ல ஷீட்டு கிலோ 240 வரை போச்சு. எல்லாருக்கும் தலை கால் புரியல, புது வீடு கட்டினவன், கார் எடுத்தவன், நெல்லு வயலை நிரத்தி ரப்பர் வச்சவன்னு நம்ம பக்கம் ஒரு திருவிழா மாதிரி இருந்துச்சு. நான் 225 ரூபாக்கு 3 டன் எடுத்து அறையில அடுக்கினேன், 300 போவும்னு சொன்னாங்க, நானும் நம்பினேன். விலை எறங்கிச்சு. 180 வந்தப்போ ஒரு ஆள் கேட்டான், நான் கொடுக்கல. 225க்கு எடுத்ததை 180க்கு எப்படிக் கொடுக்க, மனசு கேக்குமா. 160 ஆச்சு, அப்பமும் கொடுக்கல. 2014 கடைசில பூஞ்சை புடிச்ச ஷீட்டை 120க்கு கொடுத்தேன். மூணு லட்சத்துக்கு மேல போச்சு. அந்த வருசம் மகளுக்க காலேஜ் பீஸுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2016 தொடக்கத்துல விலை 100க்கு கீழயே போச்சு. அன்னைக்குத்தான் எனக்கு ஒரு காரியம் விளங்கிச்சு. ஷீட்டுக்கு நான் எவ்வளவு கொடுத்தேன்னு மார்க்கெட்டுக்கு தெரியாது, தெரிஞ்சாலும் அதுக்கு அக்கறை இல்ல. நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான் இருந்துச்சு, இப்பம் என் கையில ஷீட்டு இல்ல, அதுக்குப் பதிலா பைசாவா இருக்குன்னு வச்சா, இன்னைக்கு விலைக்கு இதே ஷீட்டை நான் போய் வாங்குவேனா? வாங்க மாட்டேன்னா பொறவு எதுக்கு வச்சிருக்கேன்?

உனக்கும் அதே கேள்வி. நீ அலைஞ்சு திரிஞ்சு புடிச்ச ஆர்டர், அதனாலதான் விட மனசு வரல. அந்த அலைச்சலை மறந்துட்டு யோசி, இன்னைக்கு ஒருத்தன் புதுசா உன் யூனிட்டுக்கு வந்து 370 ரூபா, 60 நாள் கடன், ரிட்டர்ன் உன் தலையிலன்னு கேட்டா நீ சரக்கு கொடுப்பியா?

2024 ஆகஸ்டுல திரும்ப 240 தாண்டிச்சு. அப்பம் ஒரு ஆள் என்கிட்ட வந்து பாத்தீரா, அன்னைக்கு வச்சிருந்தா இன்னைக்கு கிட்டியிருக்கும்னு சொன்னாரு. 13 வருசம் ஷீட்டை எவன் வச்சிருப்பான். அப்படியே இருந்தாலும் அந்த 240 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு பேங்குல போட்டிருந்தா 570க்கு மேல ஆயிருக்கும். பழைய விலை திரும்பி வந்துச்சுன்னா பழைய பைசா திரும்பி வந்துச்சுன்னு அர்த்தமில்ல மக்கா.

அதுக்குப் பொறவு நான் ஒரு நோட்டு வச்சிருக்கேன். சரக்கு எடுத்து வைக்குற அன்னைக்கே மூணு வரி எழுதுவேன். ஏன் எடுக்கேன். என்ன நடந்தா நான் நெனச்சது தப்புன்னு அர்த்தம். எந்த விலை வந்தா, இல்ல எந்தத் தேதி வந்தா கண்ணை மூடிக்கிட்டு கொடுத்துருவேன். எடுக்கும்போது புத்தி தெளிவா இருக்கும், விலை ஆடத் தொடங்கினா வெப்ராளம், அதான் பதட்டம், வந்துரும், அப்பம் எடுக்குற முடிவு எல்லாம் கோணலாத்தான் போவும். தெளிவா இருந்த அன்னைக்கு நான் எழுதினதை வெப்ராளத்துல இருக்குற நான் கேக்கணும், அதுக்குத்தான் நோட்டு.

இன்னொரு உபகாரமும் உண்டு. ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா, எனக்கு அப்பமே தெரியும்னு நான் நாலு பேர்கிட்ட சொல்லிட்டுத் திரிஞ்ச காரியம் ஒண்ணும் அதுல இருக்காது. நேர் எதிரா எழுதியிருப்பேன். மனசு தனக்கு ஏத்தபடி கதையை மாத்திரும், மை மாத்தாது.

*

சின்னத்துறை_கடல் எழுதியது:

நான் கடற்கரைக்காரன். எங்க தூத்தூர் பக்கத்து ஊர்கள்ல ஆழ்கடலுக்குப் போறவங்க வாரக்கணக்குல, சில சமயம் மாசத்துக்கு மேல கடல்லயே கிடப்போம், உங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அதைப் பத்தி நிறைய எழுத எனக்கு மனசு வராது. ஒண்ணு மட்டும் சொல்றேன், கரையில இருந்தவங்களுக்கு எச்சரிக்கை வந்த நேரத்துல ஆழ்கடல்ல கிடந்தவங்களுக்கு அதைச் சொல்ல வழியில்ல, போட்டுல இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கடலைப் பத்தி எங்க ஆட்களுக்கு தெரியாதது இல்ல, செய்தி வந்து சேராததுதான் எங்களை அழிச்சது. அதுக்குப் பிறகுதான் நாவிக் செயற்கைக்கோள் கருவி எல்லாம் படகுக்கு வந்துச்சு.

அன்னையில இருந்து எந்த வேலையை எடுத்தாலும் நான் முதல்ல கேக்குறது, கெட்ட செய்தி என்கிட்ட எத்தனை நாள்ல வந்து சேரும், யார் வழியா வரும். இப்ப நான் ஐஸும் டீசலும் படகுக்கு கடன் கொடுக்குற தொழில் பண்றேன், ஒரு படகு கடனை இழுக்கத் தொடங்கினா மாசக் கடைசில கணக்கு பாக்கும்போது தெரியக்கூடாது, அந்த வாரமே தெரியணும்னு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன். என்கிட்ட வேலை செய்ற பையன்கள் கெட்ட செய்தி கொண்டு வந்தா நான் முகம் சுளிக்கக்கூடாதுன்னு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு. ஒரு தடவை சுளிச்சோம்னா அடுத்த தடவை அவன் சொல்ல மாட்டான், மறைப்பான்.

தம்பி, உங்க ரிட்டர்ன் எத்தனைன்னு உங்களுக்கே தெரியல, ஒரு 5 இருக்கும்னு சொன்னீங்க. அது எந்தக் கடையில இருந்து, எந்த வாரம் போட்ட சரக்கு, உங்களுக்கு எப்ப தெரியுது? 60 நாள் கழிச்சு பில்லுல கழிக்கும்போதுதான் தெரியுதுன்னா, புயல் கரையைக் கடந்த பிறகு ரேடியோ கேக்குற மாதிரி இருக்கு. முதல்ல அதை சரி பண்ணுங்க, வண்டி ஓட்டுற தம்பிகிட்ட ஒரு சின்ன நோட்டு கொடுத்து ஒவ்வொரு கடையிலயும் இறக்கினது இத்தனை, திரும்ப ஏத்தினது இத்தனைன்னு அன்னன்னைக்கு எழுதச் சொல்லுங்க. லோன் அதுக்கு அப்புறம் பாக்கலாம்.

*

பார்வதிபுரம்_டெஸ்டர் எழுதியது:

நான் தொழில் செய்றவ இல்ல, டெக்னோபார்க்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, நாகர்கோவில்ல இருந்து கழக்கூட்டத்துக்கு ட்ரெயின்ல போய்ட்டு வர்றேன். ஆனா மேல எழுதின எல்லாத்தையும் வாசிச்சதும் எனக்கும் சொல்லணும்னு தோணிச்சு.

எங்க வேலையில ஏதாவது பெருசா ஓடாம நின்னு போச்சுன்னா, சரி பண்ணின பிறகு ஒரு பக்கம் எழுதுவோம், என்ன நடந்துச்சு, எப்ப தெரிஞ்சுது, ஏன் நடந்துச்சு. யார் பண்ணினாங்கன்னு அதுல எழுத மாட்டோம். பேரு எழுதத் தொடங்கினா எல்லாரும் தப்பை மறைப்பாங்க, கடல் அண்ணன் சொன்ன அதே காரியம்தான். அப்புறம் டொயோட்டா கம்பெனில தொடங்கின ஒரு பழக்கம் உண்டு, ஏன்னு ஒரு தடவை கேட்டு நிறுத்தாம அஞ்சு தடவை கேட்டுட்டே போறது. உங்க சிப்ஸுக்கு நான் கேட்டுப் பாக்குறேன். பாக்கெட் ஏன் திரும்பி வருது, நமுத்துப் போச்சு. ஏன் நமுக்குது, காத்து ஏறிருச்சு. ஏன் ஏறிச்சு, ஒட்டின இடம் விடுது. ஏன் விடுது, சூடு ஆறாம பாக்கெட் போட்டு உள்ள ஆவி நிக்குதா, இல்ல ஒட்டுற இடத்துல எண்ணெய் படுதா. நம்ம மாவட்டத்துல தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, வருசத்துல பாதி நாள் காத்துல ஈரம்தான், அதனால இது இங்க இன்னும் கூடுதலா இருக்கும். அஞ்சாவது ஏன்ல நிக்கும்போது அனேகமா 8 லட்சம் மெஷினுக்குப் பதிலா ஒரு நல்ல சீலிங் மெஷினும் ஆற வைக்க அரைமணி நேரமும்தான் தேவைன்னு தெரியவரும். என் ஊகம்தான், உங்க யூனிட்டுல பாத்தாதான் தெரியும்.

ரெண்டாவது, அப்பா ஒண்ணும் சொல்லலன்னு எழுதினீங்க. என் வீட்டுக்காரர் தோவாளையில பூ யாவாரம், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து. முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி நாளைக்கு பிச்சி என்ன விலை போகும், எவ்வளவு எடுக்கலாம்னு பேசுவாங்க. முன்னால எல்லாம் அண்ணன் ஒரு விலை சொல்லிருவாரு, தம்பி மறுத்துப் பேச மாட்டாரு, அண்ணன் சொன்னா சொன்னதுதான். இப்ப ரெண்டு பேரும் பேசுறதுக்கு முன்னாலயே ஆளுக்கு ஒரு துண்டு பேப்பர்ல விலையை எழுதி வச்சிட்டு அப்புறம் திறந்து பாப்பாங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா பேச்சு முடிஞ்சுது. தூரமா இருந்தா அங்கதான் பேசவே விஷயம் இருக்கு, ஒருத்தருக்கு தெரிஞ்ச ஏதோ ஒண்ணு மத்தவருக்கு தெரியல. பெரியவங்க முன்னால வாய் பேசாது, பேப்பர் பேசும். உங்க அப்பாகூட இதை செஞ்சு பாருங்களேன்.

வேலையில இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். நாலு வருசம் மாடு மாதிரி உழைச்சும் எனக்கு ப்ரமோஷன் வரல, கேட்டப்போ என்ன செஞ்சேன்னு எடுத்துச் சொல்ல எனக்கே ஞாபகம் இல்ல, அழுகைதான் வந்துச்சு. அன்னையில இருந்து வெள்ளிக்கிழமை ட்ரெயின்ல உக்காந்து அந்த வாரம் என்ன கண்டுபிடிச்சேன், எதுல என் கணிப்பு தப்பாச்சு, அடுத்து எதைக் கத்துக்கணும்னு பத்து வரி எழுதுறேன். அடுத்த வருச பேச்சுல அந்த நோட்டைத்தான் கொண்டு போனேன், கிடைச்சுது. ப்ரமோஷனை விட, எந்த மாதிரி இடத்துல நான் திரும்பத் திரும்ப சறுக்குறேன்னு தெரிஞ்சதுதான் எனக்கு பெருசு.

*

மார்த்தாண்டம்_தேன் எழுதியது:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா ஒரு மறுபேச்சு உண்டு. இப்படி யோசிச்சிட்டே இருந்தா ஒரு முடிவும் எடுக்க முடியாது, அதுவும் நஷ்டம்தான். நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு, திரும்பி வர முடியுற வழியா இல்லையா. திரும்பி வரலாம்னா சட்டுன்னு இறங்கிப் பாத்துரணும், நாலு நாள் யோசிக்கிறதை விட நாலு நாள் செஞ்சு பாத்தா கூடுதல் தெரியும். திரும்ப முடியாத வழின்னா, லோன், கட்டடம், வேலையை விடுறது மாதிரி, அங்க மட்டும் நோட்டு பேனா எல்லாம் எடுங்க.

நாங்க ஒரு தேனீ பெட்டியை ரெண்டாப் பிரிக்கும்போது இருக்குற பெட்டி எல்லாத்தையும் ஒரே வருசம் பிரிக்க மாட்டோம். கொஞ்சம் பிரிச்சு, புது ராணி நின்னுச்சா, கூட்டம் கூடுதான்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. ரப்பர் துளிர்த்து மாசியில பங்குனியில தேன் வர்ற காலத்தைப் பாத்து மயங்கி பெட்டியை ஏகமா கூட்டினவன் ஆடி ஆவணியில எல்லாத்துக்கும் சர்க்கரைப் பாகு காச்சி ஊத்த முடியாம கூட்டத்தை எழும்பிப் போக விட்டிருக்கான். 400 கிலோன்னு குதிக்காதீங்க. 200ஐ 250 ஆக்குறேன், அந்தக் கூடுதல் 50க்கு 15 நாள்ல பைசா கொடுங்க, ரிட்டர்ன் கிடையாதுன்னு எட்டு வாரத்துக்கு பேசிப் பாருங்க. ஒத்துக்கிட்டா உங்க சரக்கு அவங்களுக்கு தேவைன்னு அர்த்தம். ஒத்துக்கலன்னா அதுவும் ஒரு தகவல், அதுக்கு உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

அப்புறம் முழுசா ஒரே ஆள்கிட்ட போய் நிக்காதீங்க. 1991-92ல தாய் சாக்புரூட்னு ஒரு வைரஸ் நோய் வந்து நம்ம பக்கத்து இந்தியத் தேனீ கூட்டம் கூட்டமா செத்துச்சு, எங்க வீட்ல அன்னைக்கு தேன் மட்டும்தான், வேற வருமானம் இல்ல. அப்பா அப்புறம் ரப்பர் பால் வெட்டப் போனாங்க. இப்ப நான் தேன் பெரிய கடைக்கு கொஞ்சம், வீடுகளுக்கு கொஞ்சம், மருந்துக்கடைக்கு கொஞ்சம்னு பிரிச்சுத்தான் கொடுக்கிறேன், கொஞ்சம் அலைச்சல்தான், பரவாயில்ல. உங்க அப்பா புடிச்சு வச்சிருந்த பேக்கரிகளை விட்டுறாதீங்க.

*

கருங்கல்_ஏத்தங்கா எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு வாரேன், மன்னிக்கணும். சொன்னதெல்லாம் செஞ்சு பாத்துட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன்.

உத்யம் பதிவு போட்டாச்சு அக்கா. வண்டி தம்பிகிட்ட நோட்டு கொடுத்தேன். குலசேகரம் மாமா சொன்ன கேள்வியை எனக்கு நானே கேட்டப்போ நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு, புதுசா ஒருத்தன் வந்து இந்த ரேட்டுக்கு இந்த கடனுக்கு கேட்டா நான் கண்டிப்பா கொடுக்க மாட்டேன். அப்பம் மூணு வருசமா நான் என்ன செஞ்சிட்டு இருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சாயா குடிச்சிட்டு அப்பாகிட்ட ஒரு பேப்பர் கொடுத்தேன், நான் ஒண்ணு எடுத்தேன். சூப்பர்மார்க்கெட்டுக்கு 100 கிலோ போட்டா எத்தனை கிலோ திரும்பி வருதுன்னு எழுதுங்கப்பா, நானும் எழுதுகேன்னு சொன்னேன். நான் 5ன்னு எழுதினேன். அப்பா 8ன்னு எழுதியிருந்தாங்க.

எப்படித் தெரியும்னு கேட்டேன். திரும்பி வர்ற பாக்கெட்டை பிரிச்சு பக்கத்து வீட்டு மாட்டுக்கு கொண்டு போய் கொடுக்கது அப்பாதான், ரெண்டு வருசமா. சாக்கு எண்ணம் எல்லாம் மனப்பாடமா வச்சிருக்காங்க. மழை மாசம் 11, 12 கூட வருமாம். இந்த ரெண்டு வாரத்துல வண்டி நோட்டுலயும் ஏழரைதான் வந்திருக்கு, அப்பா சொன்ன கணக்குதான். ஏன்ப்பா எனக்கிட்ட சொல்லலன்னு கேட்டதுக்கு, நீ நாலு இடம் பாத்தவன், இதெல்லாம் கணக்கு போட்டுத்தான் செய்யுகேன்னு நெனச்சேன் மோனே, நடுவுல நான் எதுக்கு பேசணும்னு சொன்னாங்க. எனக்கு பதில் வரல.

லோன் எடுக்கல. அந்த டெஸ்டர் அக்கா சொன்னபடி ஏன் ஏன்னு நானும் அப்பாவும் அடுப்படியிலயே நின்னு பாத்தோம், சாயங்காலம் போடுற சரக்குதான் ஆறாம பாக்கெட்டுக்குள்ள போவுது, கூலி ஆட்கள் பஸ்ஸுக்கு போறதுக்கு முன்னால முடிக்கணும்னு அவசரம். இப்பம் கடைசி உருளியை மறுநாள் காலையில பாக்கெட் போடுகோம். தேன் அண்ணன் சொன்ன 50 கிலோ பேச்சுக்கு வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்காங்க. அப்பாவும் வாரேன்னு சொல்லியிருக்காங்க, வேட்டி தேச்சு வச்சாச்சு. 45 நாள், ரிட்டர்ன் 3 கிலோவுக்கு மேல போனா அவங்க பாதி ஏக்கணும், இது ரெண்டும் கிட்டலன்னா 200ஐ 100 ஆக்கிட்டு மீதி சரக்கை திரும்ப பேக்கரிக்கே போடலாம்னு நோட்டுல எழுதி, தேதி போட்டு, அப்பாக்க கையெழுத்தும் வாங்கி வச்சிருக்கேன்.